போர்முனைக் காதல்: தொடக்ககாலப் பேசும்படங்களைச் சேகரிப்பது எப்படி?

அத்தியாயம் 6

இந்த அத்தியாயத்தின் எல்லை சிறியது. 1927 முதல் 1934 வரை ஹாலிவுட்டில் வெளிவந்த, முதல் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்ட காதல் படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். விமானப்படை வீரன், ஆஸ்பத்திரி நர்ஸ், விடுப்பில் வந்த சிப்பாய், உளவு பார்க்கும் நடனக்காரி என்று அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். கதையும் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். அப்படியும் இவற்றைத் தேடிப்பிடித்து வாங்க உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

காரணம், அந்தக் காலம். சினிமா பேசத் தொடங்கியதும், 1934 ஜூலையில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கெடுபிடியானதும் இந்த ஏழாண்டுக்குள் அடக்கம். போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ‘விங்ஸ்’ எடுத்த வில்லியம் வெல்மன் அந்தப் போரில் விமானம் ஓட்டியவர். ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ எடுத்த ஜேம்ஸ் வேல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணைக் கதாநாயகியாக வைக்கவும், மணமாகாத காதலர்களின் உறவை மூடிமறைக்காமல் காட்டவும் அவர்களால் முடிந்தது. 1934-க்குப் பிறகு நெடுங்காலம் அது நடக்கவில்லை.

வரலாறு இவ்வளவு போதும். இனி வேலைக்கு வருவோம்.

முதல் விதி: பெயரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

இந்தக் காலத்துப் படம் ஒன்றைத் தேடினால் ஒரே பெயரில் நாலைந்து வடிவங்கள் எதிர்ப்படும். வசனமில்லாமல் இசையும் ஓசையும் மட்டும் சேர்ந்த வடிவம், பேசும் வடிவம், இரண்டும் கலந்த பாதிப் பேச்சு வடிவம், தணிக்கைக்குப் பயந்து வெட்டிய மறுவெளியீடு, பிற்காலத்தில் யாரோ விவரணை சேர்த்துச் சுருக்கிய வடிவம், கடைசியாக அதே பெயரில் எடுத்த வேறொரு படம். விற்பவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அட்டையில் உள்ள பெயரைத்தான் சொல்லியிருப்பார். எது எந்த வடிவம் என்று பிரித்தறிவதுதான் இந்தத் துறையில் பாதி வேலை. மீதிப் பாதி, வாங்கியதைக் கெடாமல் வைத்திருப்பது.

எந்தப் படங்களில் தொடங்கலாம்?

*‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ (1932).* தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. ஹெமிங்வேயின் 1929 நாவலைத் தழுவி, பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ஃபிராங்க் போர்சேகி இயக்கியது. இத்தாலியப் படையில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருக்கும் அமெரிக்கராக கேரி கூப்பர், நர்ஸாக ஹெலன் ஹேய்ஸ். ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் ஆஸ்கர் பெற்ற படம். காயம்பட்டவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும் இடத்தில் கேமராவே படுத்துக்கொள்கிறது. நாம் பார்ப்பது நகரும் கூரையையும் மேலிருந்து குனிகிற முகங்களையும்தான். கடைசியில் நர்ஸின் முகம் நெருங்கி நெருங்கி வந்து, ஒற்றைக் கண் திரையை அடைத்துவிடும். இந்த இடம் மங்கலாகத் தெரிந்தால் அந்தப் பிரதி எத்தனையாவது நகல் என்று சந்தேகப்படுங்கள்.

முழு வடிவம் ஏறக்குறைய 89 நிமிடம். 1938 மறுவெளியீட்டுக்காகத் தணிக்கை விதிக்கு ஏற்ப வெட்டிய வடிவம் சுமார் 78 நிமிடம். நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது வெட்டுப்பட்டதுதான். அமெரிக்காவில் காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் யார் வேண்டுமானாலும் டிஸ்க் போட்டு விற்கலாம் என்றாகிவிட்டது. அதனால் சந்தையில் மலிவான, மங்கிய பதிப்புகள் ஏராளம். மலிவாகக் கிடைப்பதாலேயே, வடிவங்களை ஒப்பிட்டுப் பழகுவதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

*‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ (1930).* ஹோவர்ட் ஹியூஸ் ஊமைப்படமாகத் தொடங்கி, பேசும்பட அலை வந்ததும் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார். கதாநாயகி கிரேட்டா நிசனின் நார்வே உச்சரிப்பு ஆங்கிலேயப் பெண் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை. அந்த இடத்துக்கு ஜீன் ஹார்லோ வந்தார். வசனக் காட்சிகளைக் கவனித்துக்கொண்டவர் அதே ஜேம்ஸ் வேல். படத்தின் விருந்து நடனக் காட்சி இரண்டு வண்ண முறையில் எடுக்கப்பட்டது. அந்த வண்ணப்பகுதி தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டு, 1989-இல் நடிகர் ஜான் வெய்னின் சொந்தப் பிரதியிலிருந்து கிடைத்தது. ஆகவே சோதனை எளிது: விருந்துக் காட்சி கறுப்பு வெள்ளையில் ஓடினால் அது பழைய, குறைபட்ட பதிப்பு. காதல் கதை என்று பார்த்தால் இது சுமார்தான். வாங்குபவர்கள் விமானங்களுக்காகவும் ஹார்லோவுக்காகவும் வாங்குகிறார்கள்.

*‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ (1931).* பெயரால் ஏமாறுவதற்குச் சிறந்த உதாரணம். விவியன் லீ, ராபர்ட் டெய்லர் நடித்த 1940 படம்தான் எல்லோருக்கும் தெரியும். நாம் தேடுவது யுனிவர்சல் தயாரித்த முந்தைய படத்தை. கதாநாயகி மே கிளார்க். பெட்டி டேவிஸ் சின்ன வேடத்தில் வருகிறார். எம்.ஜி.எம். நிறுவனம் புதிதாக எடுப்பதற்காக உரிமையை வாங்கியதும் பழைய படம் பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் போயிற்று. 2006-இல் வந்த ‘ஃபர்பிடன் ஹாலிவுட்’ முதல் தொகுப்பில் இது டிவிடியாக வெளிவந்தது. இரண்டில் பழையதே மேல். புதியது அழகாக அழ வைக்கும். பழையது பொய் சொல்லாது.

*‘செவன்த் ஹெவன்’ (1927), ‘லைலாக் டைம்’ (1928).* இரண்டிலும் பேச்சு கிடையாது. படத்தோடு சேர்ந்து ஒலிக்கும் இசையும் ஓசையும் மட்டும் உண்டு. முதலாவது ஃபாக்ஸ் நிறுவனத்தின் மூவிடோன் முறை. அதாவது ஒலி ஃபிலிமின் ஓரத்திலேயே பதிவாகியிருக்கும். இரண்டாவது விட்டாஃபோன் முறை. ஒலி தனி இசைத்தட்டில் இருக்கும். முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகையாகத் தேர்வான ஜேனட் கெய்னருக்குப் பரிசு வாங்கித்தந்த மூன்று படங்களில் ‘செவன்த் ஹெவன்’ ஒன்று. புதிதாக யாரோ பியானோ வாசித்துச் சேர்த்த டிஸ்க்கும் இவற்றுக்குக் கிடைக்கும். கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் சேகரிப்பவருக்கு வேண்டியது அந்தக் காலத்து இசை.

*‘நோவாஸ் ஆர்க்’ (1928).* பெயரைப் பார்த்துப் பைபிள் படம் என்று தள்ளிவிடாதீர்கள். பாதிக் கதை உலகப் போரில் சிக்கிய காதலர்களுடையது. பாதிப் பேச்சுப் படம். 1957-இல் விவரணைக் குரல் சேர்த்து வெகுவாகச் சுருக்கிய வடிவம் ஒன்று உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது

1. *ஓடும் நேரத்தைக் கேளுங்கள்.* அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ப்ளேயரில் போட்டு, முடியும் இடத்தில் காட்டும் நேரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

2. *பால் முறையா, என்.டி.எஸ்.சி. முறையா என்று பாருங்கள்.* ஐரோப்பிய பால் டிவிடிக்கள் நொடிக்கு 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டும். 89 நிமிடப் படம் அதில் சுமார் 85 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டுப்பட்டது என்று நினைத்து முழுப் படத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதே கணக்கில் 78 நிமிட வடிவம் 75 ஆகும்.

3. *மண்டல எண்.* இந்தியாவுக்கு டிவிடியில் மண்டலம் 5, ப்ளூரேயில் சி. அமெரிக்கப் பதிப்புகள் பெரும்பாலும் 1, ஏ. எல்லா மண்டலத்தையும் ஓட்டும் ப்ளேயர் இல்லாமல் இந்தச் சேகரிப்பில் இறங்க வேண்டாம்.

4. *தொடக்க எழுத்துகளின் இடது ஓரத்தைப் பாருங்கள்.* ஒலி ஃபிலிமிலேயே பதிவான முதல் சில ஆண்டுகளில், ஒலித்தடம் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டதால் பிம்பம் ஏறக்குறையச் சதுரமாகச் சுருங்கியது. பிற்காலத்தில் கவனமின்றி நகல் எடுத்தவர்கள் விளிம்பை வெட்டிவிட்டார்கள். பெயர்களின் முதல் எழுத்து பாதி காணாமல் போயிருந்தாலோ, ஆட்களின் உச்சந்தலை அறுபட்டிருந்தாலோ அது அந்த வகை நகல்.

5. *மூலத்தை விசாரியுங்கள்.* எந்த ஆவணக் காப்பகத்தின் பிரதியிலிருந்து எடுத்தது என்று நல்ல வெளியீட்டாளர்கள் அட்டையிலேயே போடுவார்கள். போடாதவர்கள் எல்லோரும் மோசம் என்றில்லை. ஆனால் விலை அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

*குறிப்பு:* படம் முழுக்க ஒரு சீரான இரைச்சல் இருப்பது குறையல்ல. அந்தக் காலத்து ஒலிப்பதிவே அப்படித்தான். வசனம் நிற்கும் இடங்களில் எல்லாம் இரைச்சலும் சட்டென்று செத்துப்போனால்தான் கவலைப்பட வேண்டும். அளவுக்கு மீறிச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

16 மி.மீ. பிரதி: கையில் எடுக்கும்முன்

பழைய பள்ளிக்கூட புரொஜெக்டர்கள் ஏலத்துக்கு வருவதால் சிலருக்கு ஃபிலிமே வாங்க வேண்டும் என்று ஆசை வரும். வரட்டும். ஆனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முகர்ந்து பார்க்காமல் ஓட்டிப் பார்ப்பதும், அளக்காமல் பணம் கொடுப்பதும்தான் புதியவர்கள் அதிகம் செய்கிற தவறுகள்.

1. *டப்பாவைத் திறந்து முகருங்கள்.* காடி போன்ற புளிப்பு வாடை வந்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. இதை வினிகர் நோய் என்பார்கள். இதற்கு மருந்தில்லை, வேகத்தைத்தான் குறைக்க முடியும். பக்கத்தில் உள்ள நல்ல ஃபிலிமையும் அந்த ஆவி கெடுக்கும்.

2. *துளைகளைப் பாருங்கள்.* ஒரு பக்கம் மட்டும் துளை இருந்தால் மறுபக்கம் ஒலித்தடம் இருக்கலாம். இரு பக்கமும் துளை இருந்தால் அது ஊமைப் பிரதி. பேசும்படம் என்று விற்றால் வாங்காதீர்கள்.

3. *ஒலித்தடத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள்.* ஓரத்தில் ரம்பப் பல் போல வளைந்து நெளிந்த கோடு ஒரு வகை. மெல்லிய குறுக்குக் கோடுகள் அடர்ந்தும் தளர்ந்தும் இருப்பது இன்னொரு வகை. இரண்டுமே சரி. வெறும் கறுப்பாகவோ வெறும் வெளுப்பாகவோ நெடுக ஓடினால் ஒலி இல்லை.

4. *விளிம்புக் குறியைப் படியுங்கள்.* கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் ஆண்டுக்கு ஒரு குறி உண்டு. 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பும். ஒரு வட்டம் என்றால் 1916, 1936, 1956. ஒரு சதுரம் 1917, 1937, 1957. ஒரு முக்கோணம் 1918, 1938, 1958. குறி கறுப்பாகத் தெரிந்தால் அது இந்தப் பிரதியின் ஃபிலிமுக்குரியது. வெளுப்பாகத் தெரிந்தால் மூல நெகட்டிவிலிருந்து நகலாக வந்தது. பிரதியின் வயதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

5. *நீளத்தை அளந்து பாருங்கள்.* 16 மி.மீ. பேசும்படம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 1600 அடி ரீல் ஒன்றில் சுமார் 44 நிமிடம் அடங்கும். ஆகவே ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ முழு வடிவம் என்றால் இரண்டு ரீலும் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். மொத்தம் 3200 அடி. இரண்டாவது ரீல் முக்கால் அளவுதான் இருக்கிறதென்றால் அது 1938 வெட்டு வடிவமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓட்டிப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

6. *கையால் சுற்றி ஒட்டுகளை எண்ணுங்கள்.* பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, விளிம்பை மட்டும் பிடித்து, மெதுவாகச் சுற்றுங்கள். ஒட்டுகளில் விரல் தட்டும். அறுந்த துளைகளும் தட்டும். முத்தக் காட்சிகளின் அருகே ஒட்டுகள் குவிந்திருந்தால் யாரோ ஊர்த் தணிக்கையாளர் வேலை பார்த்திருக்கிறார்.

7. *சுருக்கத்தைச் சோதியுங்கள்.* நல்ல புதிய 16 மி.மீ. வெற்று ஃபிலிம் 100 துளை நீளம் எடுத்து, பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். 100-ஆவது துளையில் ஒரு துளை அளவுக்கு நெருங்கிய வித்தியாசம் வந்தால் ஒரு சதவீதச் சுருக்கம். அதை புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள், பற்சக்கரம் கிழித்துவிடும். ஸ்கேன் செய்ய மட்டும் கொடுக்கலாம்.

ஏழும் தேறினால்தான் ஓட்ட வேண்டும். முதல் தடவை ஓட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். விளக்கு எரிய, படம் ஒரே ஃபிரேமில் நின்றுவிட்டால் சில நொடியில் அது உருகிவிடும்.

எச்சரிக்கை: நைட்ரேட் ஃபிலிம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

இந்த அத்தியாயத்தில் பேசும் படங்கள் எல்லாம் வெளியானபோது 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிமில்தான் அச்சிடப்பட்டன. கோடாக் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில்தான் நைட்ரேட்டை நிறுத்தியது. நைட்ரேட் எரியத் தொடங்கினால் அணைக்க முடியாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே வெளியிடும், தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், புகை நஞ்சு. நன்றாகச் சிதைந்த நைட்ரேட் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் தொடர்ந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்து மொட்டைமாடி அறையை நினைத்துக்கொள்ளுங்கள். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் கிடங்கு தீப்பற்றி, பழைய இந்தியப் படங்களின் பிரதிகள் பல அழிந்தன. அது அரசுக் கிடங்கு; உங்கள் வீட்டு அலமாரி அதைவிடப் பத்திரமானதல்ல.

35 மி.மீ. பழைய ஃபிலிம் எதையாவது யாராவது காட்டினால்:

1. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று இருக்கிறதா, ‘நைட்ரேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். கறுப்பு, வெளுப்பு விதி இதற்கும் பொருந்தும். எதுவும் இல்லையென்றால் நைட்ரேட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
2. துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்காதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.
3. பிசுபிசுப்பு, தேன் நிறக் கொப்புளம், பழுப்புத் தூள், காலுறை நாற்றம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் டப்பாவைத் தொடாமல் விலகிவிடுங்கள். வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். காற்றுப் புகாமல் இறுக்கி மூட வேண்டாம்.
4. காரிலோ பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுவராதீர்கள். தபால், கூரியர் எதிலும் அனுப்பாதீர்கள்.
5. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள். சிதைந்ததை அகற்றத் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள்.

16 மி.மீ. ஃபிலிமை கோடாக் 1923-இல் அறிமுகப்படுத்தியபோதே பாதுகாப்பான ஃபிலிமில்தான் கொண்டுவந்தது. வீட்டுச் சேகரிப்புக்கு அது போதும். ‘ஒரே ஒரு ரீல் மட்டும் நினைவுக்கு’ என்கிற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

காகிதப் பொருள்கள்

கையில் காசு குறைவு, இடமும் குறைவு என்றால் காகிதம்தான் வழி. இசைத்தாளிலிருந்து தொடங்குங்கள். ‘லைலாக் டைம்’ படத்துக்கான ‘ஜெனீன், ஐ ட்ரீம் ஆஃப் லைலாக் டைம்’ பாட்டும், ‘செவன்த் ஹெவன்’ படத்துக்கான ‘டயான்’ பாட்டும் அந்த நாளில் வீட்டுக்கு வீடு பியானோவில் வாசிக்கப்பட்டவை. அதனால் தாள்கள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. விலையும் கைக்கு எட்டும். படத்து நாயகியின் முகம் போட்ட அட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது லாபி கார்டு. தியேட்டர் முகப்பில் வைக்க, பெரும்பாலும் எட்டு அட்டைகள் கொண்ட தொகுப்பாக வரும். அளவு 11க்கு 14 அங்குலம். போஸ்டர் 27க்கு 41 அங்குலம். கடைக்கண்ணாடியில் வைக்கும் அட்டை 14க்கு 22. அளவு நாடாவை எப்போதும் பையில் வைத்திருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் குறைந்தால் யாரோ விளிம்பை வெட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் அது பிற்கால அச்சு.

உண்மையா போலியா என்று பார்க்க:

1. *பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.* அட்டையில் உள்ள எழுத்துகளின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறினால், அச்சிட்ட ஒன்றைப் படம்பிடித்து மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள்.
2. *மடிப்புகளுக்குப் பயப்படாதீர்கள்.* அந்தக் காலத்துப் போஸ்டர்கள் மடித்துத்தான் தியேட்டருக்குப் போயின. 1930 போஸ்டர் மடிப்பே இல்லாமல் பளபளவென்று இருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும்.
3. *கீழ் ஓரத்து எண்ணைப் பாருங்கள்.* வலப்பக்க மூலையில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருந்தால் அது மறுவெளியீட்டுக்கு அச்சிட்டது. ஆண்டும் சாய்கோடும் எண்ணும் கொண்ட குறி 1940 வாக்கில் தொடங்கிய வழக்கம். 1931 போஸ்டரில் அது இருக்க முடியாது.
4. *பின்பக்கத்தைப் பாருங்கள்.* முன்புறம் பழுப்பேறி, பின்புறம் வெள்ளைவெளேர் என்று இருந்தால் பழுப்பு தேநீரிலிருந்து வந்திருக்கலாம்.

*பெரிய தவறு:* வாங்கிய கையோடு லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோவது. சூடும் பசையும் ஏறிய பிறகு அந்தக் காகிதத்தை மீட்க முடியாது, மதிப்பும் போய்விடும். செலோடேப்பும் அப்படியே; சில வருடத்தில் மஞ்சள் கறையாக இறங்கிவிடும். கிழிசலைக் கிழிசலாகவே விட்டு, அமிலமில்லாத தாளுக்கு நடுவில் வையுங்கள்.

நேரில் தேடுவதென்றால் மும்பை சோர் பஜாரும் டெல்லியின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையும் நல்ல இடங்கள். ஹாலிவுட் காகிதம் அங்கே அபூர்வமாகத்தான் தட்டுப்படும். அப்படித் தேடும்போது 1945-இல் தமிழில் வந்த போர்க்காலப் படங்களான ‘பர்மா ராணி’, ‘கண்ணம்மா என் காதலி’, ‘மானஸம்ரக்ஷணம்’ ஆகியவற்றின் பாட்டுப் புத்தகம் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் கச்சா ஃபிலிமுக்குப் பஞ்சம் வந்து, படத்தின் நீளத்துக்கு 11,000 அடி என்று அரசு உச்சவரம்பு போட்ட காலத்தவை அவை. பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கமும் இருக்கும். என்னைக் கேட்டால், ஹாலிவுட் லாபி கார்டு பத்தைவிட இப்படி ஒன்று நம் ஊர் அலமாரியில் இருப்பது மேல்.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பாதுகாப்பது

வெளிநாட்டுக் கையேடுகள் குளிர் அறை பற்றிப் பேசும். நம்மிடம் இருப்பது இரும்பு பீரோ. அதைக் கொண்டே செய்யக்கூடியவை:

- பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறை வேண்டாம்.
- ஈரமானியை உள்ளே வையுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் போகாமல் சிலிகா ஜெல் பைகளை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.
- பாச்சா உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி ஃபிலிமின் மேலும் பிளாஸ்டிக் உறையின் மேலும் படியும். ராமபாணப் பூச்சிக்கு மருந்து சுத்தமும் உலர்ந்த காற்றும்தான்.
- வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிமைத் தனி அறைக்கு மாற்றுங்கள். அமிலத்தைக் காட்டும் நீலச் சோதனைத் தாள் கிடைக்கும். டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். மஞ்சளை எட்டியதை உடனே ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.
- டிஸ்க்குகளை நிறுத்திவைத்து, படுக்கவிடாமல் அடுக்குங்கள். வீட்டில் பதிவுசெய்தது போன்ற ஊதா நிறத்து டிஸ்க் என்றால் வாங்கிய அன்றே ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

படப் பாடல்களின் 78 வேக இசைத்தட்டுகளைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தக் கூடாது. அவை அரக்குத் தட்டுகள்; அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும். அந்தத் தட்டுகளுக்கு 78-க்கென்று உள்ள தடித்த ஊசி வேண்டும், எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டே போகும், ஓசைதான் மிஞ்சும்.

16 அங்குலத் தட்டு ஒன்று கண்ணில் பட்டால்

விட்டாஃபோன் தட்டு சாதாரண கிராமஃபோன் தட்டைவிட நன்றாகப் பெரியது. 16 அங்குலக் குறுக்களவு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஊசி நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் நகரும். லேபிளில் படத்தின் பெயரும் ரீல் எண்ணும் இருக்கும். எத்தனை தடவை ஓட்டினோம் என்று ஆபரேட்டர் அடித்துக்கொண்டே வர வரிசையாகக் கட்டங்களும் இருக்கும். இருபது தடவை ஓடியதும் தட்டைக் கழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கழித்த தட்டுகள் குப்பைக்குப் போயின. அதனால்தான் படம் இருந்தும் ஒலி இல்லாத ரீல்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஒலி மட்டும் மிஞ்சிய படங்களும் இருக்கின்றன.

எங்காவது பழைய தியேட்டர் சாமான்களோடு, கிராமஃபோன் குவியலோடு, ஏல மூட்டையோடு இப்படி ஒன்று வந்தால் கழுவாதீர்கள், ஊசி வைத்துப் பார்க்காதீர்கள். லேபிளைத் தெளிவாகப் படமெடுங்கள். ரீல் எண்ணும் கட்டங்களும் தெரியட்டும். தட்டின் உள்விளிம்பில் பொறித்த எண் இருந்தால் அதையும் எடுங்கள். இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவில் நிறுத்திவையுங்கள். பிறகு, தட்டுகளையும் படங்களையும் பொருத்திப்பார்ப்பதற்கென்றே 1991 முதல் இயங்கிவரும் விட்டாஃபோன் புராஜெக்ட் அமைப்புக்கு அந்தப் படங்களை அனுப்புங்கள். தட்டு உங்களுடையதாகவே இருக்கலாம். ஆனால் அது உங்களிடம் இருக்கிறது என்ற தகவல் அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும்.